காய்ச்சல் விட்ட நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்

வாசகர் கேள்விகளுக்கு எமது மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: கணவருக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். பனடோல் கொடுத்தும் உடம்பு உளைவு நிற்காததால் பாமசியில் உளைவுக்கென்று வேறு குளிசை வாங்கிக் கொடுத்தோம். பப்பாசி இலைச் சாறும் கொடுத்தோம். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் ஆள் எழும்பாமல் சோர்ந்து கிடக்கிறார். இனிப் பயமில்லைதானே?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பயம் அந்த நாலாம் நாளில்தான் தொடங்குகிறது, அம்மா. இது அச்சாகும்போது அவர் தேறியிருப்பார் என்று நம்புகிறோம். இதே நிலை இன்னொரு வீட்டுக்கும் வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

கொழும்பில் காய்ச்சல் வந்தால், வேறொன்று என்று உறுதியாகும்வரை டெங்கு என்றே எண்ணி நடக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவர்களின் வழியாக நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியத் தொடங்கும். இது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நடக்கும். இரத்தம் தடிக்கும், அழுத்தம் விழும், கை கால் சில்லிடும். நோயாளி தெளிவாகவே பேசிக்கொண்டிருப்பார் என்பதால் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். காய்ச்சல் விட்டதும் பசி எடுத்து, முகம் தெளிந்தால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்வு கூடினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் கட்டாயம் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கையைத்தான் தேடுகிறார்கள். அதே தாளில் பிசிவி என்று இன்னொரு எண் இருக்கும். இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான். பிளேட்லெட் இறங்க, பிசிவி ஏறினால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே போனால் ஆள் நன்றாகத் தெரிந்தாலும் வாட்டில் அனுமதிக்க வேண்டும். அதற்கு முன்னரே, ஓயாத வாந்தி, வயிற்றுவலி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், தடுமாற்றம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

குளிசை விஷயம்: பரசிற்றமோல் (பனடோல் என்பதும் அதுதான்) மட்டும்தான். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. தடிமனுக்கு விற்கும் பல குளிசைகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் வரும். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் அது ஏழரை மில்லிலீற்றர். வேறு செறிவிலும் பாணி மருந்து விற்பதால் லேபளை வாசிக்காமல் ஊற்றவேண்டாம். டைக்ளோபெனாக், ஐபுபுரொபென், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கூடாது. அவை வயிற்றில் இரத்தக் கசிவைத் தூண்டும். உங்களுக்குப் பாமசியில் கொடுத்த உளைவுக் குளிசை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அட்டையை எடுத்துப்போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பப்பாசி இலைச் சாற்றை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். கசிவை அது நிறுத்தாது. அதன் கசப்பில் வாந்தி எடுத்தால் உள்ளே போக வேண்டிய நீரும் போய்விடும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் திரவம் தேவை. வெறும் தண்ணீராக மட்டும் கொடுக்காமல் ஜீவனி (உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசல்), உப்புப் போட்ட கஞ்சி, செவ்விளநீர், பழரசம் என்று மாற்றிக் கொடுங்கள். சிவப்பு, மண்ணிற பானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்தியின் கையில் சுடு தேநீர் கொட்டிவிட்டது. உடனே பற்பசை பூசினோம். கொப்புளம் வந்துவிட்டது. அதை உடைக்கலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உடைக்க வேண்டாம். கொப்புளத்தின் மேல்தோல்தான் உள்ளே இருக்கும் பச்சைச் சதைக்குக் காவல்.

சூடுபட்ட தோலுக்குத் தேவைப்படுவது ஓடும் குழாய்த் தண்ணீர், முழுதாக 20 நிமிடம். பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தோலின் அடிப்பகுதியில் தங்கிய சூடு அதற்குள் ஆறாது, உள்ளே தொடர்ந்து வேகும். முதல் 3 மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. தொடர்மாடியில் தண்ணீர் வெட்டு என்றால் வாளியிலிருந்து கோப்பையால் மெதுவாக, விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது, அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். தண்ணீர் ஊற்றும்போதே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பின் அவை கழலாது. குழந்தையின் மற்ற உடம்பைத் துவாயால் போர்த்துங்கள், சிறு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் குளிர் பிடிக்கும்.

பற்பசை சூட்டை உள்ளே அடைத்துவைக்கும். காயத்தின் ஆழத்தையும் மறைக்கும். வைத்தியர் பார்ப்பதற்கு அதைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். பிள்ளை படும் வேதனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெய், மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதற்கும் இதே பதில்தான். ஆறவைத்த பிறகு, உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் முதல் சுற்றை வீசிவிட்டு, அடுத்த துண்டைக் காயத்தின் மேல் நீளவாக்கில் விரியுங்கள். கையைச் சுற்றிக் கட்ட வேண்டாம்.

பிள்ளையின் உள்ளங்கை, விரல்கள் சேர்ந்த அளவு அதன் உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அதைவிடப் பெரிய காயம், அல்லது முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம் என்றால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். உங்கள் பேத்திக்குக் கையில் என்பதால் பொரளை சிறுவர் வைத்தியசாலையில் காட்டுங்கள். வெளிறிப்போய், தொட்டால் வலிக்காத காயம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். நரம்பு வரை வெந்த ஆழமான காயம்தான் வலிக்காது.

கேள்வி: வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கொடுத்தால் பிள்ளை குடிப்பதில்லை. பாதிப் பக்கெற்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாமா?
- வாசகி, தெமட்டகொட

பதில்: கூடாது. பக்கெற்றில் போட்டிருக்கும் அளவு, வழக்கமாக ஒரு லீற்றர், கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கெற்றையும் கரைக்க வேண்டும். செறிவு கூடினால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து நீரை இழுக்கும், வயிற்றோட்டம் கூடும். பாதிப் பக்கெற்றில் உப்பும் குளுக்கோசும் சரிபாதியாக விழும் என்றும் சொல்ல முடியாது. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். கிளாஸோடு கொடுத்தால்தான் பிள்ளை மறுக்கும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், அழுதும் கண்ணீர் வராமை இருந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிரண்டுவிட்டது. எண்ணெய் போட்டு உருவினால் சரிவருமா?
- வாசகர், மருதானை

பதில்: முதல் இரண்டு நாள் உருவுவதும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். உள்ளே கிழிந்த இழைகளிலிருந்து இன்னும் இரத்தம் கசியும், வீக்கம் கூடும். ஐஸைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வையுங்கள். காலை நெஞ்சுக்கு மேலாகத் தலையணையில் உயர்த்துங்கள். நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டு எலும்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்றே எடுக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மூன்றாம் நாளிலிருந்து பாதத்தை மெதுவாக அசையுங்கள். வாரக்கணக்கில் கட்டிப்போட்டுப் படுத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், பிறகு அதே கால்தான் மறுபடியும் பிரளும்.

கேள்வி: தெருப் பூனை பிராண்டிவிட்டது. சிறு கீறல்தான். ஊசி வேண்டுமா?
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பூனையாலும் விசர்நோய் வரும். ஊசி வேண்டுமா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: 54 வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சு எரிகிறது. 'காஸ்' என்று சோடா குடிக்கிறேன். போன வாரம் வியர்வையும் சேர்ந்தது.
- வாசகர், வத்தளை

பதில்: வியர்வை சேர்ந்துவிட்டது என்பதால் இனி இதைக் காஸ் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யக் கூடாது. இன்றைக்கே ஈசிஜி எடுங்கள். ஒரு தடவை எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு முட்டுவது மட்டும் வரலாம்.

படுத்தால் கூடி, புளித்த ஏப்பத்தோடு வந்து, அமில மருந்துக்கு அடங்குவது பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு. நெஞ்சின் நடுவே அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ பரவி, நடந்தால் கூடுவது இதயம். இரண்டும் கலந்து குழப்புவதுண்டு. அதனால் 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வியர்வை, குமட்டல் சேர்ந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். நீங்களே வாகனம் ஓட்டிப் போக வேண்டாம். டெங்குக் காய்ச்சலில் கூடாது என்று மேலே சொன்ன அஸ்பிரின் இங்கே உயிரைக் காக்கும். ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராமை விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். எடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி அம்புலன்ஸில் வருபவரிடம் கொடுங்கள்.