கீமோ நடக்கும்போது மூலிகைக் குடிநீர்: டொக்டரிடம் சொல்வதா, விடுவதா?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். ஊர்ப் பரிகாரியார் (நாட்டு வைத்தியர்) தந்த குடிநீரும் (மூலிகைக் கசாயம்), ஒருவர் கொண்டுவந்து தந்த டின் தூளும் பாவிக்கிறார். டொக்டரிடம் சொன்னால் ஏசுவார் என்று பயம். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும் தங்கச்சி. அதுவும் கீமோ ஏறிய பிறகு அல்ல, அதற்கு முன் ரத்தம் எடுக்கும்போதே. வெள்ளணு எவ்வளவு, ஈரலும் சிறுநீரகமும் எப்படி என்று பார்த்துத்தான் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். ஈரல் கணக்கு ஏறியிருந்தால், குடிநீர்க் கதை தெரியாத டொக்டர் பழியைக் கீமோவில் போட்டு அளவைக் குறைப்பார், இல்லாவிட்டால் ஊசியைத் தள்ளிப்போடுவார். உண்மையில் கெடுத்தது குடிநீரில் போட்ட சீந்தில் கொடியாக இருக்கலாம். சீந்தில் குடித்து ஈரல் பாதித்தவர்களைப் பற்றி 2021இல் மும்பாய் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏச்சு விழலாம், அதை மறுக்கமாட்டேன். சுருட்டு, சாராயம் பற்றியெல்லாம் கேட்பார்கள். குடிநீர் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை. கேட்காமல் விட்டுவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று ஏசுவார்கள்! ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கிளினிக் நடத்தினால் வேறு என்ன நடக்கும்? அதனால் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன பெயர், எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை தரம். டின்னையும் பையில் வையுங்கள். டொக்டர் நிமிர்ந்து பார்க்காவிட்டால், மருந்து ஏற்றும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டுங்கள்.

பரிகாரியாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? சொல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

எனக்குக் குடிநீரைவிட டின்தான் கூடப் பயம். இந்த டின்காரர்கள் முதலில் வருத்தத்தை விசாரிப்பதில்லை. "வெளிநாட்டில ஆர் இருக்கினம்?" என்றுதான் தொடங்குவார்கள். சுவிஸில் ஒரு தம்பி இருக்கிறான் என்று தெரிந்தால் விலை ஏறும். அப்புறம், "ஒரு மண்டலம் இங்கிலிஷ் மருந்தை நிறுத்துங்கோ." ஒரு மண்டலம் 48 நாள், அம்மாவுக்கு இரண்டு கீமோ தவறும். அரச வைத்தியசாலையில் சதம் வாங்காமல் ஏற்றும் மருந்தை விட்டுவிட்டு, தாலிக்கொடியை ஈடு வைத்து டின் வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளருக்கு இறக்கும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் என்று 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

"தூள் குடித்து இரண்டு நாளில் பசி வந்தது" என்பார்கள். வரும். பெயர் விலாசம் இல்லாத தூள்களில் ஸ்டெரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பசியையும் தெம்பையும் தரும், காய்ச்சலையும் மறைக்கும்.

அப்படியென்றால் இஞ்சித் தேத்தண்ணியும் கூடாதா என்று கேட்பீர்கள். குடிக்கலாம். குமட்டலுக்குக் கொஞ்சம் கேட்கும். ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணிக்கு டொக்டரிடம் அனுமதி வேண்டாம். ரசத்தில் போடும் இஞ்சிக்கும் வேண்டாம், கறியில் போடும் மஞ்சளுக்கும் வேண்டாம். ஆனால் இஞ்சித்தூளைக் கரண்டி கரண்டியாக விழுங்குவதும், மஞ்சள் குளிசை எடுப்பதும் வேறு கதை. ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருக்கும் நாட்களில், பல் முரசில் ரத்தம் கசிந்தால், அந்தத் தேத்தண்ணியையும் இரண்டு நாள் விடுங்கள். சமையல் அளவு என்றால் சமையல் அளவுதான்.

கடைசியாக, கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் தொட்டால் கசாயம் அவிக்காதீர்கள், பனடோல் போட்டு விடியும்வரை பார்த்திருக்கவும் வேண்டாம். நடுச்சாமமானாலும் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கீமோ ஏற்றிய திகதியை முதலில் சொல்லுங்கள். கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.