டிரெசர் பதில்கள் (டிரெசர்: தோட்டத்து மருத்துவ உதவியாளர்)

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. "தோட்டத்து மண்ணுல உங்கப்பா பக்கத்துலயே என்னைப் புதைச்சிடு" என்கிறார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகனோ, உடலைத் தண்ணீரில் கரைக்கிறார்கள், உரமாக்குகிறார்கள் என்று கைப்பேசியில் படம் காட்டினான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இதெல்லாம் உண்மையா, டிரெசர் ஐயா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான் தங்கச்சி. ஆனால் அதைப் பாட்டியிடமா காட்டுவது? பையனை ஒருநாள் என்னிடம் அனுப்புங்கள்.

தண்ணீர் முறையில் உடலை எஃகுத் தொட்டியில் வைத்து, தண்ணீரோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்குவார்கள். சவக்காரம் காய்ச்சுகிற காரம்தான் அது. அழுத்தம் கொடுத்து 150 டிகிரியில் வைத்தால் நாலு முதல் ஆறு மணி நேரம். அழுத்தம் இல்லாமல் 98 டிகிரி என்றால் 14 முதல் 16 மணி நேரம். சதை கரைந்துவிடும், எலும்பு மிஞ்சும். காயவைத்துப் பொடித்தால் கோலமாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, நோபல் பரிசு வாங்கியவர், 2021 டிசம்பரில் காலமானபோது அவர் விருப்பப்படி இப்படித்தான் செய்தார்கள். அஸ்தி கேப் டவுன் தேவாலயத்தில் இருக்கிறது. ஆக, பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உரமாக்குவதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-இல் சட்டமாக்கியது. மரச்சிராய், வைக்கோல், குதிரைமசால் என்ற தீவனச் செடி நடுவே உடலை வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் மண். லயத்து வீட்டுப் பின்னால் சாணக்குழி போட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத வித்தையா?

சரி, மண்ணில் புதைத்தால் நிரந்தரமா? சிங்கப்பூரில் 1998 முதல் ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் தவணை. அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். அங்கேயாவது சொல்லிவிட்டு எடுக்கிறார்கள். என் அம்மாவை 1983-இல் பால்மரக் காட்டு ஓரத்தில் புதைத்தோம். தோட்டம் கைமாறியது, செம்பனை நட்டார்கள். ஊதுவத்தியோடு போய் நின்றால் மேடும் இல்லை, கல்லும் இல்லை. "யாரைத் தேடுறீங்க?" என்றான் காவலாளி. ஏதோ ஒரு மரத்தடியில் பத்தியைக் கொளுத்திவிட்டு வந்தேன்.

அதனால், அப்பா கிடக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் நில அலுவலகத்தில் பாருங்கள். கோவில் பெயரிலோ அரசாங்க இடுகாடாகவோ இருந்தால் அம்மா சொன்னபடியே செய்யுங்கள். கம்பெனி பெயரில் இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள், வேண்டாம். அம்மா கேட்பது அப்பாவின் பக்கம்தானே? அப்பாவை எடுத்து வரலாம். அனுமதி வாங்கித் தோண்டி, எலும்பை மின்சுடலையில் எரித்து, அஸ்தியை வைத்திருங்கள். அம்மாவின் காலம் வரும்போது இரண்டையும் ஒரே கலசத்தில் சேர்த்துவிடலாம். இன்று ராத்திரி, சோறு போடும்போது அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.