எட்டாம் வகுப்போடு நிற்கும் பெண் பிள்ளைகளைத் தொடர்ந்து படிக்க வைப்பது எப்படி?

பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் முன், பள்ளி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூபாய் கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பின்னர் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தார்கள், அதுவும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மகளைப் படிக்க வைக்க ஆசைப்படும் அப்பாவுக்கும் ஆளில்லாத ரோட்டில் அவளைத் தனியாக நடக்கவிட பயம் இருக்கும், அதே ரோட்டில் நாலைந்து பிள்ளைகள் சீருடையில் ஒன்றாக மிதித்துப் போனால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

சரி, சைக்கிள் மட்டும் போதுமா? போதாது. அதே ஆய்வில், பத்தாம் வகுப்பில் தேறிய பெண்கள் கூடியது சுமார் 12 சதவீதம்தான். உங்கள் ஊரில் உதவ நினைத்தால், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்பு வையுங்கள், அப்புறம் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.