பிபிசி வானொலியில் பேசிய விஞ்ஞானிகள்: ஆவணங்களை எங்கே தேடுவது?

கேள்வி: 1940, 50களில் பிபிசி வானொலியில் உரையாற்றிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இணையத்தில் தேடியும் ஒலிப்பதிவுகள் அகப்படவில்லை. இங்கிலாந்தில் தங்க இரண்டு வாரம்தான் கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது?

ஒலிப்பதிவை விட்டுவிட்டுத் தாள்களைத் தேடுங்கள். அந்தக் காலத்து உரைகளில் பெரும்பாலானவை பதிவாகவே இல்லை. பதிவானவற்றிலும் கொஞ்சம்தான் பிழைத்தது. கணினி முன்னோடியான கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1951 மே 15 அன்று பிபிசியின் 'தேர்ட் புரோகிராம்' அலைவரிசையில், கணினியால் சிந்திக்க முடியுமா என்று பேசினார். அடுத்த ஜனவரியில் கணிதவியலாளர் மேக்ஸ் நியூமனும் வேறு இருவரும் பங்கேற்ற விவாதத்திலும் இருந்தார். டூரிங்கின் குரல் இன்று எங்கும் இல்லை. ஆனால் இரண்டின் தட்டச்சுப் பிரதிகளும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்திலேயே பார்க்கலாம், விமானம் ஏற வேண்டாம்.

ஊரில் இருந்தபடியே முடிக்க வேண்டிய முதல் வேலை, ஒலிபரப்பான தேதியை உறுதிசெய்வது. 'பிபிசி ஜீனோம்' தளத்தில் 1923 முதல் 2009 வரையிலான ரேடியோ டைம்ஸ் (பிபிசியின் நிகழ்ச்சி நிரல் வார இதழ்) நிரல்கள் உள்ளன. பெயரைப் போட்டுத் தேடுங்கள். அது முன்கூட்டியே அச்சான நிரல் என்பது நினைவிருக்கட்டும். கடைசி நேர மாற்றம் அதில் தெரியாது. தேதியில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் நல்ல உதாரணம். 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்ற சொல்லை அவர் சொன்னது 1949 மார்ச் 28 உரையில். புகழ்பெற்ற தொடர் உரைகள் வந்தது 1950இல். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுபவர்கள் நிறைய. 1949 உரை அடுத்த மாதமே பிபிசியின் 'லிஸனர்' வார இதழில் அச்சாகிவிட்டது. அந்த இதழ் 1929 முதல் 1991 வரை வந்தது. பழைய இதழ்கள் பெரிய நூலகங்களில் கிடைக்கும். பத்திரிகைக்காக வெட்டித் திருத்திய வடிவம் என்பதால், அதையே 'பேசியது' என்று மேற்கோள் காட்டாதீர்கள்.

சரி, பயணத்தின் முக்கால் பங்கை பிபிசி எழுத்தாவணக் காப்பகத்துக்கு ஒதுக்குங்கள். ரெடிங் அருகே கேவர்ஷமில் வளர்ந்த காப்பகம் அது. அனுமதி விதிகள் மாறக்கூடும். டிக்கெட் எடுக்கும் முன்பே, பெயர்ப் பட்டியலும் தேதிகளும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். உரைப் பிரதிகளைவிட அங்கே எனக்குப் பிடித்தவை பேச்சாளர் கோப்புகள். தயாரிப்பாளரின் அழைப்புக் கடிதம், சன்மானம் பற்றிய பேச்சு, 'இந்தப் பத்தி கேட்பவருக்குப் புரியாது, மாற்றித் தாருங்கள்' என்ற வகையான வேண்டுகோள், அதற்கு விஞ்ஞானி முறைத்துக்கொண்டு எழுதிய பதில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். உரை எப்படி உருவானது என்பது அங்கேதான் தெரியும். ஏற்கப்படாத யோசனைகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு மைக் கிடைக்கவில்லை என்பதும் உங்கள் ஆய்வில் சேர வேண்டிய செய்திதான். பிபிசி 1936இல் தொடங்கிய நேயர் ஆய்வுப் பிரிவின் அறிக்கைகளையும் கேட்டுப் பாருங்கள். கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அமைவது கடினம்.

அப்புறம், விஞ்ஞானியின் சொந்தக் காகிதங்கள். ஹாயிலுடையவை கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: 1973இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கி, 1987 முதல் பாத் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு திட்டம், ஏராளமான விஞ்ஞானிகளின் காகிதங்களை வகைப்படுத்தி விவரப்பட்டியல் தயாரித்தது. அவற்றில் பலவற்றில் சொற்பொழிவுகளுக்கும் ஒலிபரப்புகளுக்கும் தனிப் பகுதியே இருக்கும். பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் விஞ்ஞானியின் பெயரைப் போட்டால் எந்தக் கல்லூரியில் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிபிசி கோப்பில் காணாத கடிதத்தின் கார்பன் காப்பி இங்கே கிடைப்பதுண்டு. ஆகவே இரண்டையும் தேதிவாரியாக அடுக்கி ஒப்பிடுங்கள்.

பதிப்புரிமையையும் இப்போதே கவனியுங்கள். தயாரிப்பாளர் எழுதிய கடிதத்துக்கு உரிமை பிபிசியுடையது. விஞ்ஞானி எழுதியதற்கு அவரோ வாரிசுகளோதான் உரிமையாளர்கள். தாள் எந்தக் காப்பகத்தில் இருந்தாலும் இது மாறாது. நீளமாக மேற்கோள் காட்டும் எண்ணம் இருந்தால், படியெடுக்கும் நாளிலேயே யாரிடம் அனுமதி கேட்பது என்று காப்பாளரிடம் விசாரித்து, கோப்பு எண்ணின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.