பதினோரு வயது மகளுக்குத் தமிழில் என்ன கதைப் புத்தகம் கொடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "மகளுக்குப் பதினோரு வயது. ஆங்கிலக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறாள். தமிழ்ப் புத்தகம் என்றால் தொடவே மாட்டேன் என்கிறாள். நீதிக்கதை அல்லாமல் தமிழில் என்ன கொடுக்கலாம்?"

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மகளுக்குத் தமிழ் பிடிக்காமல் இல்லை. அவள் மனசுக்குப் பதினோரு வயது, தமிழ் வாசிக்கும் வேகத்துக்கு மட்டும் எட்டு வயது. வேகத்தைப் பார்த்துக் காக்கா நரிக் கதையைக் கொடுத்தால், "நான் என்ன குழந்தையா?" என்று கோபம் வரும். மனசைப் பார்த்துப் பொன்னியின் செல்வனைக் கொடுத்தால் பத்தாம் பக்கத்தில் மூச்சு வாங்கும். அதனால் இந்த வயதுக்கு நான் தேடுவது நூறு பக்கத்துக்குள் முடிகிற, உரையாடல் நிறைய உள்ள சிறு நாவல்கள். அதிலும், முடிவு எடுக்கிற ஆள் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்லி முடித்துவைக்கிற கதையைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

முதலில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல், 2023இல், சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்கார் விருதைப் பெற்றது. இன்றைய பையன் ஒருவன் வழியாகப் பழைய வைகைக்கரை வாழ்க்கைக்குள் நம்மை இழுத்துப் போகும். இதைப் படித்த கையோடு பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப் போங்கள். மதுரையிலிருந்து ரொம்பப் பக்கம். 2023இலிருந்து அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. கீழடியில் 'ஆதன்' என்ற பெயர் தமிழியில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மாடிக்கு வரும் பையன் ஒருவனிடம் அந்த ஓட்டின் படத்தைக் காட்டியபோது, விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்தான். அப்புறம், "அப்போ நெஜமாவே இருந்தானா மிஸ்?" என்று கேட்டான். அதற்கு முன்னால் எந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றியும் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்து யெஸ். பாலபாரதி. 'ஆமை காட்டிய அற்புத உலகம்' கடலுக்கடியில் போகிற கதை, ஒன்பது பத்து வயதுக்கே கொடுக்கலாம். அவருடைய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வேறு மாதிரி. பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்றின் துணையோடு, பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பயமுறுத்தாமல் பேசுகிற நாவல் அது. 2020க்கான பால சாகித்ய புரஸ்கார் அதற்குத்தான். இதை முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு மகளிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவள் ஏதாவது கேட்டால், அந்த நேரத்தில் அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். நேரடியாகப் பேசத் தயங்கும் வீடுகளுக்கு இந்தப் புத்தகம் பெரிய உதவி. இதைப் பள்ளி நூலகத்தில் பூட்டிவைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025க்கான பால சாகித்ய புரஸ்கார் அதற்கு.

மர்மக் கதைதான் வேண்டும் என்றால் சத்யஜித் ரே எழுதிய ஃபெலுடா கதைகள் தமிழில் சின்னச் சின்னப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன. 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் இதழில் தொடங்கியவை. துப்பறிபவன் ஃபெலுடா, கதை சொல்பவன் அவனுடைய சித்தப்பா மகன் தோப்ஷே. அவன் பள்ளிப் பையன் என்பதால், நமக்குத் தெரிவது அவனுக்குத் தெரிந்தது மட்டும்தான். பிள்ளைகள் அவனோடு சேர்ந்து தடயம் பொறுக்குவார்கள்.

எழுத்து நெருக்கமாக இருந்தாலே மிரள்கிற பிள்ளைக்குக் காமிக்ஸ் கொடுங்கள். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன. பதினோரு வயதுக்கு லக்கி லூக் என்ற கௌபாயின் சிரிப்புக் கதைகள் சரியாக இருக்கும். காமிக்ஸ் படித்தால் படித்த கணக்கில் வராது என்று சில பெற்றோர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே தமிழ் வாசிக்கிற பிள்ளைக்கு வேகம் தானாக வரும்.

சரி, சோகக் கதை கொடுக்கலாமா? கட்டாயம் கொடுக்கலாம். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் எழுதிய 'வான்கா' சின்னச் சிறுகதைதான். ஒன்பது வயது வான்கா மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்டவன். கிறிஸ்துமஸ் இரவு, முதலாளி வீட்டார் தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து, பெஞ்சில் தாளை விரித்து, தரையில் மண்டியிட்டுத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அடிக்கிறார்கள், பசிக்கிறது, வந்து கூட்டிப் போ தாத்தா என்று. உறையின் மேல் 'கிராமத்திலிருக்கும் தாத்தாவுக்கு' என்று எழுதுகிறான். கொஞ்சம் யோசித்துத் தலையைச் சொறிந்துவிட்டுத் தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். தபால் பெட்டியில் போட்டுவிட்டு நம்பிக்கையோடு தூங்கிப் போகிறான். ஊர்ப் பெயர் இல்லை என்று கதையில் யாரும் சொல்வதில்லை. மாடியில் இதை வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமிதான், "மிஸ், லெட்டர் போகாதுல்ல?" என்றாள். கதாசிரியர் சொல்லாமல் விட்டதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிப்பதுதான் வாசிப்பு. நீதிக்கதைகள் அந்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல்காட்டுச் சிறுவனும் பறவைகளும் நிறைந்த குறுநாவல். பேச்சுவழக்கு நிறைய வருவதால் நகரத்துப் பிள்ளைகள் கண்ணால் படித்தால் தடுக்கும். நீங்கள் வாசித்துக் காட்டினால் தடையே இருக்காது, அது காதுக்காக எழுதிய தமிழ். 'குட்டி இளவரசன்' 1981இலேயே க்ரியா வெளியீடாகப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த புத்தகம். யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்று சொல்லும் முதல் பக்கங்கள் எட்டு வயதுக்கும் பிடிக்கும். முழுசாகப் படிக்கப் பன்னிரண்டு வயதாவது ஆகட்டும்.

எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த கணமே கதை பாடமாகிவிடும். யாரைப் பிடித்தது, யார் மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள், போதும். பாதியில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும்.

வாங்குவதற்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களும் நல்ல இடங்கள். வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், தூலிகா, இந்த மூன்று கடைகளிலும் அவளையே எடுக்கவிடுங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி நன்றாக இருக்கிறது. காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்து வந்திருக்கின்றன. தமிழில் பின்தங்கிய தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவை அருமையாகப் பொருந்தும்.

உங்கள் மகளுக்கு முதலில் ஒரு லக்கி லூக், அடுத்து 'ஆதனின் பொம்மை', அப்புறம் ஃபெலுடா என்று போங்கள். பொன்னியின் செல்வனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை பொறுங்கள். அதுவரை ஆடிப்பெருக்கு அன்று மட்டும், வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அவளே எப்போது கேட்கிறாளோ அப்போது எடுத்துக் கொடுக்கலாம்.