ஜப்பானில் ஆசிரியர் பணியை இடையில் விட்டால் விசா என்னவாகும்?

ஒப்பந்தம் முடியுமுன் ராஜினாமா செய்தால் விசா அன்றே ரத்தாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பேச்சுவழக்கில் விசா என்பது, ஜப்பானில் தங்கிப் பணிபுரிய அனுமதிக்கும் வசிப்புத் தகுதியை; அது உங்கள் பெயரில் அரசு வழங்குவது. பள்ளி நிர்வாகம் அதைப் பறிக்க முடியாது என்பதால், அப்படி யாரேனும் மிரட்டினால் தயவுசெய்து அஞ்ச வேண்டாம்.

ஆனால், விலகிய 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு நீங்களே அறிவிக்க வேண்டும். இணையம் வழியாகவும் அறிவிக்கலாம். தக்க காரணமின்றி 3 மாதங்களோ அதற்கு மேலோ அத்தகுதிக்குரிய பணியில் ஈடுபடாதிருந்தால் அதை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு; ஆகவே, வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்களையும் வந்த பதில்களையும் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள்.

பலர் கோட்டைவிடுவது இன்னோர் இடத்தில். பள்ளி ஆசிரியருக்கு உரியது 'கல்வி' என்னும் வகை வசிப்புத் தகுதி. தனியார் மொழிப் பயிற்சி நிலையத்துக்கு உரியது வேறு. தகுதி மாற்றத்துக்கு அனுமதி பெறாமல் அங்கே முதல் வகுப்பைக்கூட எடுக்காதீர்கள்.

நிரந்தரமாக நாடு திரும்புவதானால், விமான நிலையப் படிவத்தில் மீண்டும் வருவதாகக் கூறும் கட்டத்தில் குறியிடாமல் வசிப்பு அட்டையை ஒப்படையுங்கள். ஓய்வூதியத்துக்கு 6 மாதங்களாவது பணம் கட்டியிருந்தால், 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைத் திரும்பப் பெற வழியுண்டு.