வீட்டுப் பணத்தை எடுக்கலாம், விடுப்பை எடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 30 வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். மகன் 1,350 கிராம், மகள் 1,180 கிராம். இன்று 23ஆவது நாள். மகன் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விடுகிறான், மகளுக்கு இன்னும் சி-பாப் (மூக்கு வழியாக லேசான அழுத்தத்தோடு காற்று தந்து மூச்சுக்கு உதவும் கருவி) வைத்திருக்கிறார்கள். என் அலுவலகக் காப்பீட்டில் பிரசவச் செலவு கிடைத்தது. குழந்தைகள் விஷயத்தில் யாரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. வீடு வாங்க ஐந்து வருடமாகச் சேர்த்த முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. "மிச்சத்தைத் தொடாதே, பர்சனல் லோன் போடு" என்கிறார் அண்ணன். கணவர் சம்பளமில்லா விடுப்பில் என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என் மகப்பேறு விடுப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வுக்காலத்துக்குப் போடும் பணத்தை நிறுத்தலாமா? குழந்தைகள் பெயரில் சேமிப்புத் திட்டம் தொடங்கச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் வேறு தினமும் கூப்பிடுகிறார். ஒருவன் முதலில் வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கவலை. எங்கிருந்து தொடங்க?

பதில்: நாளைக் காலை, மற்ற எதற்கும் முன்னால், அலுவலகத்தில் காப்பீட்டைக் கவனிப்பவரைக் கூப்பிடுங்கள். குழந்தைகளைப் பாலிசியில் சேர்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பிறந்த குழந்தையைச் சேர்க்கப் பெரும்பாலான பாலிசிகளில் கெடு உண்டு. சிலவற்றில் 90 நாள், சிலவற்றில் வெறும் 30 நாள். உங்களுக்கு இன்று 23. "பிறப்புச் சான்றிதழ் வரட்டும்", "பெயர் வைத்த பிறகு பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அறிவிப்பை வைத்தே, பெயர் இல்லாமல், குழந்தை 1, குழந்தை 2 என்று சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. போனில் பேசியதோடு நிற்காமல் அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பின்னால் "நீங்கள் சொல்லவே இல்லையே" என்று வந்தால் கையில் தேதி இருக்கும்.

அதே போனில் இன்னும் இரண்டு கேள்விகள். காப்பீட்டுத் தொகை குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றா, ஆளுக்குத் தனித்தனியா? ஒன்றுதான் என்றால், ஒரு குழந்தைக்குச் செலவாவது இன்னொரு குழந்தைக்கான பங்கையும் சேர்த்துத்தான் தின்னும். அடுத்தது, பிறந்த முதல் நாளிலிருந்தே செல்லுமா, சேர்த்த நாளிலிருந்தா? இதற்கு வரும் பதிலைப் பொறுத்து, இதுவரை நீங்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரலாம். உங்கள் கணவருக்கு அவர் அலுவலகத்தில் தனிப் பாலிசி இருந்தால் அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்றில் தொகை தீர்ந்த பிறகு இன்னொன்றில் மீதியைக் கேட்க வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, இப்போது பணக் கணக்கு. "எப்போது வீட்டுக்கு விடுவார்கள்?" என்று டாக்டரைக் கேட்டிருப்பீர்கள், அவர் நாள் சொல்லியிருக்க மாட்டார். சொல்லவும் முடியாது. குழந்தை இங்குபேட்டருக்கு வெளியே உடம்புச் சூட்டைத் தானே தக்கவைக்க வேண்டும், குழாய் இல்லாமல் வாயாலேயே முழுப் பாலையும் குடிக்க வேண்டும், எடை ஏற வேண்டும், மூச்சு நின்று நின்று வருவது விட்டுச் சில நாளாவது ஆகியிருக்க வேண்டும். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற ஒருங்கிணைப்பே ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடத் தொடங்குகிறது. வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து எண்ணினால் உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது 33 வாரமும் 2 நாளும். ஆகவே நான் எப்போதும் சொல்வது, முதலில் குறித்துக் கொடுத்த பிரசவ தேதி வரை கணக்குப் போடுங்கள். உங்களுக்கு அது இன்னும் 47 நாள். பல குழந்தைகள் அதற்குச் சில வாரம் முன்பே வந்துவிடும். வந்தால் மிச்சம், வராவிட்டால் அதிர்ச்சி இல்லை.

இந்த 47 நாளையும் இதுவரை ஆன தினச் செலவால் பெருக்கிப் பயந்துவிடாதீர்கள். தீவிர சிகிச்சையில் செலவு படிப்படியாக இறங்கும். வென்டிலேட்டர் நாள் ஒரு விலை, சி-பாப் நாள் ஒரு விலை, வெறுமனே பால் குடித்து எடை கூடிக்கொண்டிருக்கும் நாள் இன்னொரு விலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பில்லிங் கவுன்ட்டரில் எழுதி வாங்குங்கள். அதோடு வாரா வாரம் விவரமான இடைக்கால பில்லைக் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட காகிதம் உதவாது, வரி வரியாக வேண்டும்.

இரட்டைக் குழந்தைகள் பில்லில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரண்டு கோப்புக்கும் ஒரே தாய் பெயர், ஒரே பிறந்த தேதி, பெயருக்குப் பின்னால் 1, 2 என்று மட்டும் வித்தியாசம். என்னிடம் வந்த ஒரு தம்பதியின் பில்லை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். முதல் குழந்தைக்கு ஆக்சிஜன் நிறுத்தி ஒன்பது நாள் ஆகியும் அவன் கணக்கில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் தங்கைக்குச் செய்த ஸ்கேன் ஒன்று இருவர் பெயரிலும் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, வேலை மிகுதியில் விரல் அடுத்த கோப்பில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தாய் ஒரு பள்ளி நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் மகன், வலப்பக்கம் மகள் என்று தினமும் எழுதி வைத்திருந்தார்: இன்று எந்த மெஷின், எந்தப் பரிசோதனை, எத்தனை மில்லி பால், என்ன எடை. பாசத்தில் எழுதிய நோட்டு. பில்லைத் திருத்தியது அந்த நோட்டுதான். உங்கள் மகன் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விடத் தொடங்கிய தேதி நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து அவன் பில் குறைந்திருக்க வேண்டும். பாருங்கள்.

அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அக்கறையில் சொல்கிறார், ஆனால் கணக்கு தப்பு. வங்கியில் கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டியைவிடப் பர்சனல் லோனுக்குக் கட்டும் வட்டி எப்போதும் அதிகம். குறைந்த வட்டிக்குப் பணத்தை உறங்கவிட்டுக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குவது, வீட்டுக் கனவைக் காப்பாற்றுவது போலத் தோன்றும். நிஜத்தில் அதைத் தள்ளித்தான் போடும். வீட்டுப் பணத்திலிருந்தே எடுங்கள். வீடு காத்திருக்கும்.

ஆனால் ஒன்று, அதை அடிவரை சுரண்டக் கூடாது. குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைப் பிரித்து, நினைத்த மணி நேரத்தில் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். காரணம் சொல்கிறேன். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்து நாலு வாரத்துக்குள், மிகச் சிறியவர்களுக்கு அதற்கும் முன்பே, விழித்திரைப் பரிசோதனை தொடங்குவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது நெருங்கிவிட்டது. விழித்திரை முதிரும்வரை ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஏதாவது கோளாறு தெரிந்தாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகச் சரியாகிவிடும். சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் மட்டும் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும், வங்கி வைப்புத்தொகை முதிரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதேபோல வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்களில் சளி, மூச்சுத் தொல்லை என்று மறுபடி அட்மிட் ஆவதும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம் நடக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல வட்டி வராது, பரவாயில்லை. உடனே கைக்கு வருவதுதான் அதன் வேலை.

அந்தத் தொகைக்கும் கீழே போக வேண்டி வந்தால் வரிசை இப்படி: முதலில் ஆஸ்பத்திரியிடமே வட்டியில்லாத தவணை கேளுங்கள். உதவி நிதி, அறக்கட்டளை ஏதாவது இருக்கிறதா என்று அங்குள்ள சமூகப் பணியாளரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், அவர் இருப்பதே அதற்குத்தான். அதன்பின் அண்ணன். அக்கறை இருப்பவரிடம் கைமாற்றாக வாங்கலாம், எப்போது திருப்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு. அதற்கும் பிறகுதான் பர்சனல் லோன். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போவது இந்த வரிசையிலேயே இல்லை.

ஓய்வுக்காலப் பணம்: நீங்களாக விரும்பிப் போடும் பகுதியை ஆறு மாதமோ ஒரு வருடமோ நிறுத்தலாம். ஏற்கெனவே சேர்ந்ததை உடைக்காதீர்கள். ஏஜென்ட்டிடம் இரண்டு வருடம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது உங்களுக்குத் தேவை குழந்தைகள் பெயரில் திட்டம் அல்ல, உங்கள் இருவர் பெயரிலும் போதுமான ஆயுள் காப்பீடு.

நான் உண்மையில் கவலைப்படுவது உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்தைப் பற்றி. கணவர் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார் என்கிறீர்கள். அவரை அடுத்த வாரமே வேலைக்குப் போகச் சொல்லுங்கள். கல்நெஞ்சோடு சொல்லவில்லை. இப்போது பகலில் நர்ஸ்கள் இருக்கிறார்கள், மெஷின்கள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆன அன்று இரவு யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கொருமுறை இரண்டு குழந்தைகளுக்குப் பால். ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால்கூட, இருவருக்கும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். தூங்க மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாள் சம்பளத்தை இழப்பதானால் அந்த நாட்களுக்காக இழப்பதுதான் புத்திசாலித்தனம். மாலையில் அவர் நேராக வார்டுக்கு வரட்டும். சட்டையைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பைத் தந்தையும் தாராளமாகச் செய்யலாம். குழந்தைக்கு அது மருத்துவமே.

உங்கள் விடுப்பு வேறு கதை. சில தாய்மார் "குழந்தைதான் உள்ளே இருக்கிறதே" என்று உடனே வேலைக்குத் திரும்பி, விடுப்பைப் பின்னால் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு வழியே இல்லாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். உடம்பு ஆற வேண்டும். நீங்கள் பிழிந்து தரும் பால், குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான குடல் நோயின் ஆபத்தைக் குறைக்கிறது. அதற்கு நல்ல பம்ப்பை வாங்காமல் ஆஸ்பத்திரி தரத்தில் வாடகைக்கு எடுங்கள். அதே சமயம் அலுவலகத்துக்கு இப்போதே எழுதுங்கள். குழந்தைகள் பத்து வாரம் முன்னால் பிறந்திருக்கிறார்கள். விடுப்பு முடியும் நாளில், நாள் நிறைந்து பிறந்த குழந்தையைவிட இவர்கள் பத்து வாரம் இளையவர்களாக இருப்பார்கள். இதை டாக்டர் கடிதத்தோடு சொல்லி, ஆஸ்பத்திரி நாட்களுக்குக் கூடுதல் விடுப்பு உண்டா, மருத்துவ விடுப்பை இதோடு சேர்க்கலாமா, சில மாதம் பாதி நேரமோ வீட்டிலிருந்தோ வேலை செய்யலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் ஒரே "இல்லை"யில் மூன்றும் போய்விடும்.

விடுப்பில் சில நாட்களைப் பத்திரமாக மிச்சம் வையுங்கள். கண், காது, எடை, வளர்ச்சி என்று ஏறக்குறைய இரண்டு வயது வரை பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அதுவரை வளர்ச்சியைப் பிரசவ தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயதை வைத்துத்தான் பார்ப்பார்கள். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில். இரண்டு குழந்தைகளை ஒருவராகத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் விடுப்பு.

கடைக்குப் போகும் ஆசை வரும். குறைமாத அளவுச் சட்டை நாலைந்து போதும், சில வாரத்தில் பத்தாமல் போய்விடும். டாக்டர் எழுதித் தராத மூச்சு மானிட்டர், காலில் சாக்ஸ் போல மாட்டும் மானிட்டர் எதையும் வாங்க வேண்டாம். நள்ளிரவில் பொய்யாக அலறி உங்களை மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வைப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தூங்கும் இடம் மட்டும் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது, ஒருவன் முதலில் வந்துவிட்டால்? இப்போதைய நிலையில் மகன் முந்துவான் போலிருக்கிறது. அந்த இடைப்பட்ட நாட்கள்தான் பணத்துக்கும் உடம்புக்கும் பெரும் இழுபறி, ஏனென்றால் ஒரு குழந்தை வீட்டில், ஒன்று வார்டில், பால் ஒரே தாயிடம். போக்குவரத்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் என்று பில்லில் வராத செலவு ஏறும். அதற்கென்று ஒரு சிறு தொகையை இப்போதே தனியே எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் பேச்சு எடுக்கும்போதே, மகனோடு நீங்கள் தங்க ஆஸ்பத்திரியில் தாய்-சேய் அறை கிடைக்குமா, அதன் ஒரு நாள் கட்டணம் என்ன என்று கேளுங்கள். தினமும் போய் வரும் செலவோடு ஒப்பிட்டால் சில சமயம் அதுவே மலிவு. அது கிடைக்காது என்றால், கணவரின் விடுப்பு தொடங்க வேண்டிய நாள் மகன் வீட்டுக்கு வரும் நாள்தான்.